ஆடு எதற்கு, மாடு எதற்கு: கிராமம் கட்டும் கேமில் கால்நடைகளைச் சமன் செய்வது

காட்டுக்கு நடுவே நாலு குடும்பம், ஒரு கோடரி, கொஞ்சம் தானியம். இதை வைத்துக்கொண்டு இடைக்கால ஐரோப்பாவில் ஒரு கிராமத்தை எழுப்ப வேண்டும். இந்த வகைக் கேம்களை ஆடியவர்களுக்கு அதன் ருசி தெரியும். 2014-இல் வந்த பேனிஷ்டு, 2024 ஏப்ரலில் வந்த மேனர் லார்ட்ஸ் என்று சொல்லிக்கொண்டே போகலாம். முதல் குளிர்காலத்தில் யாரும் பட்டினியால் சாகாமல் தப்பித்துவிட்டால், அடுத்து ஒரு கேள்வி வந்து நிற்கும்: கையில் இருக்கிற காசுக்குக் கோழி வாங்குவதா, செம்மறியா, மாடா?

ஆடுபவருக்கு இது சுவாரசியமான யோசனை. கேமைச் செய்பவருக்குத் தலைவலி. ஐந்து விலங்குகளைப் படம் வரைந்து, அசைய வைத்து, கத்த வைத்து, கடைசியில் பார்த்தால் எல்லாரும் ஒன்றை மட்டுமே வளர்ப்பார்கள். மற்ற நான்கும் சும்மா நிற்கும். அப்படி நடக்காமல் பார்த்துக்கொள்வதைத்தான் கேம் செய்கிறவர்கள் பேலன்ஸ் பண்ணுவது என்கிறார்கள். நாம் சமன் செய்வது என்று வைத்துக்கொள்வோம். புதிதாகக் கேம் செய்யத் தொடங்குகிறவர்கள் இந்தச் சமனைத் தராசு என்று நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டு தட்டும் ஒரே மட்டத்தில் நின்றால் வேலை முடிந்தது என்று தோன்றும். அது சரியில்லை என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

பெங்களூரில் எங்களுக்குத் தெரிந்த பையன்கள் சிலர் வார இறுதிகளில் அல்சூரில் ஒரு மாடியறையில் கூடி இப்படி ஒரு கேமைச் செய்துகொண்டிருக்கிறார்கள். பகலில் ஒயிட்ஃபீல்டிலும் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் வேறு வேலை. சனிக்கிழமை வந்தால் பன்றி, செம்மறி. வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். கூட ஒரு மண்டியாக்காரர். அவர்கள் எக்செலில் போட்டு வைத்த முதல் கணக்கு ஏறக்குறைய இப்படி இருந்தது.

ஒரே அளவு மேய்ச்சல் நிலம். அதில் ஒரு வருடம் கோழி வளர்த்தால் 60 உணவு. செம்மறி வளர்த்தால் 40 உணவும் 10 கட்டு கம்பளியும். பன்றி 90 உணவு. மாடு 80 உணவும் 10 தோலும்; அதற்கு மேல் உழவுக்கும் வரும். கேமுக்குள் இருக்கும் சந்தையில் ஒரு கட்டு கம்பளிக்கு 4 உணவு கிடைக்கும், ஒரு தோலுக்கு 3.

எல்லாவற்றையும் உணவாக மாற்றிப் பாருங்கள். கோழி 60. செம்மறி 40-உம் 40-உம் சேர்ந்து 80. பன்றி 90. மாடு 80-உம் 30-உம் 110, உழவு தனி. ஆடுகிறவர்கள் இந்தக் கணக்கை அரை மணி நேரத்தில் போட்டுவிடுவார்கள். அதற்கப்புறம் எந்த ஊரைத் திறந்தாலும் மாடு, மாடு, மாடு. இப்படி எல்லாவற்றையும் அடித்துச் சாப்பிடுகிற ஒன்றை கேமர்கள் ‘ஓபி’ என்பார்கள். அதன் பலத்தைக் குறைப்பதற்கு நெர்ஃப், நோஞ்சானாகக் கிடப்பதை ஏற்றிவிடுவதற்கு பஃப். இந்த மூன்று சொல்லும் தெரிந்தால் பாதிப் பேச்சு புரிந்துவிடும்.

சரி, மாட்டை நெர்ஃப் செய்து, கோழியையும் செம்மறியையும் பஃப் செய்து, எல்லாவற்றையும் 90-க்குக் கொண்டுவந்துவிடலாமா? கொண்டுவரலாம். தராசு நேராக நிற்கும். ஆனால் இப்போது எதை வாங்கினாலும் ஒன்றுதான். கோழியா மாடா என்பது சுவருக்கு என்ன வண்ணம் அடிப்பது என்கிற மாதிரி ஆகிவிட்டது. முன்பாவது ஒரு தப்பான விடையும் ஒரு சரியான விடையும் இருந்தன. இப்போது கேள்வியே இல்லை.

ஆகவே எண்களைச் சமமாக்குவது வேலை இல்லை. ஒவ்வொரு விலங்குக்கும், ‘இந்த நிலைமையில் இதுதான் வேண்டும், மற்றது உதவாது’ என்று சொல்லும்படி ஒரு நிலைமையாவது இருக்க வேண்டும். அந்த நிலைமை ஒவ்வொரு ஊருக்கும் வெவ்வேறு நேரத்தில் வர வேண்டும். அவ்வளவுதான் சமன். மீதியெல்லாம் அதை எப்படிக் கொண்டுவருவது என்பதுதான்.

வயிற்றில் இருக்கிற நாட்கள்

இதற்குப் பெரிய கற்பனை தேவையில்லை. இயற்கையே ஒரு பட்டியலைப் போட்டுக் கொடுத்திருக்கிறது. கோழி முட்டை பொரிக்க 21 நாள். பன்றி சினைப்பட்டுக் குட்டி போட சுமார் 114 நாள். ஆட்டுக்கு, செம்மறியோ வெள்ளாடோ, ஏறக்குறைய ஐந்து மாதம். பசுவுக்கு ஒன்பது மாதத்துக்குக் கொஞ்சம் மேலே. குதிரைக்குப் பதினொரு மாதம். பன்றி ஒரு ஈற்றில் பல குட்டி போடும்; பசு பெரும்பாலும் ஒன்றே ஒன்று. அந்தக் கன்றும் வளர்ந்து, தானே ஒரு கன்று போட்டுப் பால் தர இரண்டு மூன்று வருடம் ஆகிவிடும்.

இதைக் கேமுக்குள் அப்படியே போட்டாலே பாதி நியாயம் வந்துவிடுகிறது. நோயோ பஞ்சமோ வந்து ஊரில் ஒன்றிரண்டு விலங்குதான் மிச்சம் என்றால், மறுபடி எழுந்து நிற்கக் கோழியும் பன்றியும்தான் வழி. மாட்டை நம்பியவர் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வருடத்துக்கு 110 என்று நாம் போட்ட கணக்கு, மந்தை நிரம்பிய பிறகு வரும் கணக்கு. மந்தை நிரம்ப எத்தனை வருடம் ஆகும் என்பது அந்த எண்ணில் இல்லவே இல்லை.

ஆனால் இதில் ஒரு ஆபத்தும் உண்டு. வருடத்துக்கு இரட்டிப்பாகும் மந்தை என்று வையுங்கள். நாலு செம்மறியில் தொடங்கினால் அடுத்த வருடம் 8, அப்புறம் 16, 32, 64, ஐந்தாவது வருட முடிவில் 128. முதல் இரண்டு வருடம் ‘என்னடா இது, பிரயோஜனமே இல்லையே’ என்று தோன்றும் விலங்கு, ஐந்தாவது வருடத்தில் ஊரையே விழுங்கிவிடும். பெருகுகிற எதற்கும் ஒரு கூரை வேண்டும். பேனிஷ்டில் அந்தக் கூரை, பட்டியின் கொள்ளளவு. பட்டி நிரம்பிய பிறகு பெருகும் விலங்குகள் தானாகவே அடிக்கப்பட்டு இறைச்சியாகிவிடும். சுத்தமான ஏற்பாடு. ஆனால் ஆடுபவர் எதையும் முடிவெடுக்கத் தேவையில்லாமல் போய்விடுகிறது என்பது என் குறை.

ஐப்பசி கார்த்திகையில் எடுக்கிற முடிவு

இன்னொரு கூரை உண்டு. வரலாற்றிலேயே இருந்தது: வைக்கோலும் காய்ந்த புல்லும். வட ஐரோப்பாவில் குளிர்காலத்தில் புல் வளராது. கோடையில் அறுத்துக் காயவைத்ததுதான் வசந்தம் வரை தீவனம். எத்தனை விலங்கை அதுவரை காப்பாற்ற முடியும் என்பதை இலையுதிர் காலத்திலேயே முடிவு செய்தாக வேண்டும். மிச்சத்தை வெட்டி உப்புக் கண்டம் போட்டுவிடுவார்கள். பழைய ஆங்கிலத்தில் நவம்பர் மாதத்துக்கே பலி மாதம் என்கிற பொருளில் ஒரு பெயர் இருந்தது.

எனக்கு இந்த வகைக் கேம்களில் மிகவும் பிடித்த இடம் இதுதான். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். களஞ்சியத்தில் 240 கட்டு காய்ந்த புல் இருக்கிறது. குளிர்காலம் முழுக்க ஒரு மாட்டுக்கு 30 கட்டு, ஒரு செம்மறிக்கு 5. எல்லாம் மாடு என்றால் 8 மாடு. எல்லாம் செம்மறி என்றால் 48. கலந்து வைத்தால் 5 மாடும் 18 செம்மறியும். இதில் எது சரி? உங்கள் ஊரைப் பொறுத்தது. வசந்தத்தில் உழ வேண்டிய நிலம் நிறைய இருந்தால் எருதை வெட்டக் கூடாது. வெட்டினால் இந்தக் குளிருக்குச் சோறு, அடுத்த குளிருக்குப் பட்டினி. கம்பளி வியாபாரி வசந்தத்தில் வருவார் என்றால் செம்மறி. பன்றியைக் குளிரில் வைத்துக்கொள்வதற்கு மனிதர் தின்கிற தானியத்தைக் கொடுக்க வேண்டியிருக்கும். ஆகவே பெரும்பாலான பன்றிகள் கண்டமாகிவிடும். அதுவே அவற்றின் இடம்.

பன்றிக்கு இன்னொரு விஷயமும் உண்டு. இலையுதிர் காலத்தில் அதை ஓக் காட்டுக்குள் ஓட்டிவிடுவார்கள். கீழே உதிர்ந்து கிடக்கும் ஓக் கொட்டைகளைத் தின்று கொழுக்கும். 1086-இல் இங்கிலாந்தில் நாடு முழுக்க நிலக் கணக்கெடுத்தபோது, பல இடங்களில் ஒரு காட்டின் அளவையே ‘இத்தனை பன்றிக்கான காடு’ என்று எழுதி வைத்தார்கள். இதைக் கேமில் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். பன்றி வளர்க்கிறவர் மரத்தை வெட்டத் தயங்குவார். வீடு கட்ட மரம் வேண்டும்; இறைச்சிக்கு அதே மரம் நின்றாக வேண்டும். பன்றியின் 90-ஐ 70 ஆக்குவதைவிட இந்த ஒரு முடிச்சு அதிக வேலை செய்யும்.

மாட்டை என்ன செய்வது

மாடு ஏன் எல்லாக் கேமிலும் ஓபி ஆகிறது என்றால், உண்மையிலேயே மாடு அப்படிப்பட்டதுதான். பால், இறைச்சி, தோல், உழவு, வண்டி, சாணம். ஒரே விலங்கில் எல்லாம் வந்தால் மற்றவற்றுக்கு என்ன வேலை? அல்சூர் மாடியறையிலும் இதே சிக்கல்தான். மாட்டின் பாலைக் குறைத்தார்கள், தோலைக் குறைத்தார்கள், விலையை ஏற்றினார்கள். அப்போதும் ஆடிப் பார்த்தவர்கள் எல்லாரும் காசு சேர்த்துச் சேர்த்து மாடே வாங்கினார்கள்.

வழி சொன்னது மண்டியாக்காரர்தான். அவர் வீட்டுப் பக்கம் ஹள்ளிக்கார் மாடுகள் உண்டு. மைசூர்ப் பகுதியின் பெயர் பெற்ற இழுவை இனம். வண்டியில் பூட்டினால் பறக்கும்; ஏரில் சளைக்காது. ஆனால் பாலுக்கு அதை யாரும் நம்பி இருக்க முடியாது. பாலுக்கென்றால் இங்கே அல்சூர் சந்துகளிலேயே நின்றுகொண்டிருக்கிற கருப்பு வெள்ளைக் கலப்பினப் பசு. அதை ஏரில் பூட்ட யாரும் நினைக்க மாட்டார்கள். “இரண்டும் மாடுதான். ஒன்றே எல்லாம் செய்யும் என்று யார் சொன்னது?” என்று கேட்டார் அவர். நம் காங்கேயமும் இந்த இழுவை வரிசையில் சேர்ந்ததுதான்.

இடைக்கால ஐரோப்பாவிலும் உழுதது பெரும்பாலும் காயடித்த எருது. 1086-ஆம் ஆண்டுக் கணக்கில் ஓர் ஏருக்கு எட்டு எருது என்பது வழக்கமான அளவு. எனவே கேமில் ‘மாடு’ என்கிற ஒற்றைப் பொத்தானை உடைத்து, கறவைப் பசு, உழவெருது என்று இரண்டாக்கினார்கள். கறவைக்குத் தினமும் இரண்டு வேளை ஓர் ஆள் கறக்க வேண்டும். பால் அன்றைக்கே செலவாகவில்லை என்றால் கெட்டுவிடும். பாலாடைக்கட்டி செய்தால் நிற்கும். ஆனால் அதற்கு உப்பும் இன்னோர் ஆளும் வேண்டும். உழவெருது ஒரு துளி பால் தராது. உழவுக் காலம் தவிர மற்ற நாட்களில் தின்றுகொண்டு நிற்கும். இப்படிப் பிரித்ததுமே எண்ணைத் தொடாமல் பாதிப் பிரச்சினை போய்விட்டது. மேனர் லார்ட்ஸிலும் எருதின் முக்கிய வேலை மரக்கட்டை இழுப்பதுதான். தொடக்கத்தில் கையில் இருப்பது ஒன்றே ஒன்று. அது நின்றால் கட்டுமானம் நின்றது. அதன் பால், இறைச்சிக் கணக்கை அங்கே யாரும் கேட்பதில்லை.

எருதுக்கும் குதிரைக்கும் உள்ள போட்டியும் இதே ரகம். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குதிரை வேகம், ஆனால் ஓட்ஸ் வேண்டும், லாடம் வேண்டும். எருது மெதுவு, புல்லும் வைக்கோலும் போதும். 13-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் எழுதப்பட்ட ஒரு பண்ணைக் கையேடு இதைக் காசுக் கணக்காகவே போட்டு எருதின் பக்கம் தீர்ப்புச் சொல்கிறது: எருது கிழடானால் கொழுக்க வைத்துத் தின்னலாம், குதிரை கிழடானால் தோல் மட்டும்தான் மிச்சம். குதிரை இறைச்சியைத் தின்னக் கூடாது என்று 732-இலேயே போப் மூன்றாம் கிரிகோரி எழுதியிருந்தார். ஆக, விலங்கின் மதிப்பில் அதன் சாவும் சேர்த்தி.

ஒரு மேய்ப்பர், எத்தனை ஆடு?

இது புதியவர்கள் அடிக்கடி விட்டுவிடுகிற இடம். ஒரு விலங்குக்கு இவ்வளவு வரவு என்று கணக்குப் போட்டால், பத்து விலங்குக்குப் பத்து மடங்கு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அப்படி நேர்கோட்டில் போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. போகாமல் இருந்தால்தான் சுவை.

செம்மறிக்கு ஒரு மேய்ப்பர் வேண்டும். அவர் வருடத்துக்கு 24 உணவு சாப்பிடுவார். ஒரு செம்மறி எல்லாமாகச் சேர்த்து 4 தருகிறது என்று வைப்போம். 6 செம்மறி வைத்திருந்தால் 24 வரும். மேய்ப்பர் சாப்பிட்டுவிடுவார். உங்களுக்குக் கையில் ஒன்றும் நிற்காது. அதே மேய்ப்பர் 60 செம்மறியை மேய்த்தால் 240 வரும். அவருக்கு 24 போக 216 மிச்சம்.

கோழி நேர் எதிர். முதல் பத்துக் கோழிக்குத் தீவனமே வேண்டாம். வீட்டு மிச்சமும் குப்பைமேட்டுப் புழுவும் போதும். ஆள் வைக்கவும் தேவையில்லை, கொல்லையில் தானாகத் திரியும். பதினோராவது கோழியிலிருந்து தானியம் போட வேண்டும். அது 3 தானியம் தின்று 4 முட்டை தந்தால், உங்களுக்கு லாபம் 1. அதாவது முதல் பத்து பொன், அப்புறம் வருவது சில்லறை.

இப்போது பாருங்கள். செம்மறி சிறிய ஊருக்கு ஆகாது, பெரிய ஊருக்குக் கை கொடுக்கும். கோழி எந்த ஊருக்கும் கொஞ்சம் வேண்டும், யாருக்கும் நிறைய வேண்டாம். எது ஓபி என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. ‘உன் ஊரில் எத்தனை குடும்பம்?’ என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும். அப்படிக் கேட்க வைத்தாலே சமன் வந்துவிட்டது என்று அர்த்தம்.

கிடை

ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். ராத்திரி முழுக்க மந்தை அந்த வயலிலேயே படுத்திருக்கும். புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். கிடை போட்டதற்கு வயல்காரர், மந்தையை ஓட்டிவரும் கீதாரிக்குக் கூலி கொடுப்பார். இடைக்கால இங்கிலாந்திலும் அச்சு அசல் இதே ஏற்பாடு இருந்தது. கிழக்குப் பகுதியில் குடியானவர்களின் ஆடுகள் பண்ணையார் நிலத்தில்தான் கிடை போட வேண்டும் என்று பண்ணையாருக்கு உரிமையே இருந்தது. ஆடு குடியானவருடையது, உரம் பண்ணையாருக்கு. கோபம் வராமல் இருக்குமா?

கேமுக்கு இது எவ்வளவு முக்கியம் என்றால், இதுவரை நாம் பேசிய விலங்குகள் எல்லாம் தனித்தனியாக நின்றன. கிடை வந்ததும் ஆடும் வயலும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. அந்தக் காலத்தில் நிலத்தை மூன்று பங்காக்கி, ஒரு பங்கைத் தரிசாக விடுவது பரவலான வழக்கம். அந்தத் தரிசில் செம்மறியை விட்டால், ஆட்டுக்கு மேய்ச்சல், அடுத்த வருடம் நிலத்துக்குப் பலம். செம்மறியின் கணக்கில் 80 என்று போட்டோமே, அந்தப் பலத்தால் கூடுதலாக விளையும் கோதுமை அதில் இல்லை. மேனர் லார்ட்ஸில் தரிசில் ஆடு மேய விட்டு மண்வளத்தை மீட்கிற வசதியைத் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுத்த ஊரில் செம்மறியின் மதிப்பே வேறு.

இரண்டு விலங்கின் பொருளைச் சேர்த்து ஒன்று செய்வதும் இதே உத்திதான். பேனிஷ்டில் தோலில் ஓர் அங்கி தைக்கலாம், கம்பளியில் ஓர் அங்கி தைக்கலாம். இரண்டையும் சேர்த்துத் தைத்தால் அதைவிட நல்ல குளிர் அங்கி. மாடு மட்டும் வைத்திருப்பவர் அங்கே ஒரு ஆட்டுப்பட்டிக்கு ஏங்குவார்.

வெள்ளாடு ஏன் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை

அல்சூர்ப் பையன்களில் ஒருவன் வேலூர்க்காரன், எனக்குத் தம்பி முறை. வெள்ளாட்டின் பொறுப்பு அவனுடையது. எண்களைப் பார்த்தால் வெள்ளாடு என்பது கொஞ்சம் பால் தருகிற, கம்பளி தராத செம்மறி. அதே புல்லைத் தின்றது. யாரும் வாங்கவில்லை. ஒரு நாளைக்கு 2 என்று இருந்த பாலை 3 ஆக்கினான். அப்போதும் யாரும் வாங்கவில்லை. 5 ஆக்கினான். அடுத்த வாரம் எல்லாருடைய ஊரிலும் வெள்ளாடு மட்டும். 4 ஆக்கிப் பார்த்தான். கறவைப் பசு வைத்திருந்த ஒருவர் பசுவை விற்றுவிட்டு வெள்ளாட்டுக்கு மாறினார்.

“அண்ணா, மூணுக்கும் நாலுக்கும் நடுவுல ஒரு நம்பர் இருக்கும், கண்டுபிடிச்சிடறேன்” என்றான்.

“வெள்ளாட்டுக்கும் செம்மறிக்கும் நிஜத்துல என்ன வித்தியாசம்டா?” என்று கேட்டேன்.

யோசித்தான். “எங்க தாத்தா வீட்டு ஆடு வேலி முள்ளையே தின்னுடும். மரத்துல காலை வச்சு ஏறி இலையப் பறிக்கும்.”

அதுதான் விடை. பாலைப் பழையபடி 2-க்கே கொண்டுவந்துவிட்டு, வெள்ளாட்டின் மேய்ச்சலை மாற்றினான். புல்வெளியும் வேண்டாம், உழ லாயக்கான நிலமும் வேண்டாம். புதர், பாறைச் சரிவு, முள்காடு போதும். வரைபடத்தில் அதுவரை வெறும் அழகுக்காக இருந்த கரடுமுரடான பகுதிகளுக்கு ஒரே நாளில் ஒரு பயன் வந்துவிட்டது. சமவெளியில் ஊர் அமைத்தவருக்கு வெள்ளாடு தேவையில்லை. மலையடிவாரத்தில் அமைத்தவருக்கு அது இல்லாமல் விடியாது. கூடவே ஒரு கெடுதலையும் சேர்த்தான்: வெள்ளாடு மேய்ந்த இடத்தில் மரக்கன்று முளைக்காது. காட்டை நம்பிப் பன்றி வளர்ப்பவருக்கும் வெள்ளாட்டுக்காரருக்கும் ஒத்துப்போகாமல் போயிற்று.

மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் அவன் தேடிய அந்த எண் கிடைத்திருந்தாலும் இது நடந்திருக்காது. ஒரே வேலையைச் செய்யும் இரண்டு விலங்குகளில் ஏதோ ஒன்று எப்போதும் ஒரு பொடி அதிகமாகத்தான் இருக்கும். ஆடுகிறவர்கள் அந்தப் பொடியையும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

நோயை வைத்துச் சமன் செய்யலாமா

செய்கிறார்கள். எனக்குப் பிடிப்பதில்லை. மாடு அதிகமாகிவிட்டதா, மாட்டு நோயை அனுப்பு என்பது சோம்பேறி வைத்தியம். 1315-லிருந்து 1317 வரை ஐரோப்பாவில் மழையாலும் விளைச்சல் இல்லாமலும் பெரும் பஞ்சம். அதன் தொடர்ச்சியாக 1319-இல் இங்கிலாந்துக்குள் வந்த கொள்ளைநோய் மாடுகளில் பெரும்பகுதியைக் கொன்றது. உழ எருது இல்லாமல் நிலம் கிடந்தது. வரலாறு அப்படித்தான். ஆனால் கேமில் நாலு மணி நேரம் உட்கார்ந்து சேர்த்த மந்தை பகடை உருண்டதில் காலியானால், ஆடுபவர் பாடம் கற்க மாட்டார். கேமை அழித்துவிட்டுப் போவார். நோய் வேண்டுமென்றால் முன்கூட்டியே தெரிய வேண்டும்: பக்கத்து ஊரில் பரவுகிறது என்று வியாபாரி சொல்லட்டும், மந்தையைப் பிரித்துக் கட்ட அவகாசம் இருக்கட்டும், நெருக்கமான பட்டியில் வேகமாகப் பரவட்டும். அப்போது அது ஆடுபவர் எடுக்கும் முடிவாகிறது.

சமன் ஆகிவிட்டதா என்று எப்படித் தெரியும்

எக்செல் சொல்லாது. எக்செல் தப்பு எங்கே இருக்கலாம் என்று காட்டும், அவ்வளவுதான். நாலைந்து பேரை, முடிந்தால் உங்களுக்கு நண்பர்களாக இல்லாதவர்களை, உட்கார வைத்து ஐந்து கேம் வருடம் ஆட விடுங்கள். வாயைத் திறக்காதீர்கள். முடிந்ததும் எல்லாருடைய ஊரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எல்லா ஊரிலும் ஒரே விலங்கு நிறைந்திருந்தால் அது ஓபி. ஒரு விலங்கு எந்த ஊரிலும் இல்லை என்றால் அது செத்த விலங்கு. ஊருக்கு ஊர் மந்தை மாறியிருந்து, ஏன் என்று கேட்டால் ஒவ்வொருவரும் வெவ்வேறு காரணம் சொன்னால், நல்ல அறிகுறி. ‘பார்க்க அழகா இருக்கு’ என்று யாராவது கோழி வளர்த்திருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். அதுவும் ஒரு காரணம்தான்.

எண்ணை மாற்றும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. அப்புறம், துணிந்து மாற்றுங்கள். சிவிலைசேஷன் கேமைச் செய்த சிட் மையர் சொல்லும் யோசனை பிரபலம்: ஓர் எண் சரியில்லை என்று தோன்றினால் இரட்டிப்பாக்கு, இல்லையேல் பாதியாக்கு. 90-ஐ 85 ஆக்கினால் ஆடுகிறவர்களுக்கு வித்தியாசமே தெரியாது, உங்களுக்கும் தெரியாது. 45 ஆக்கினால் அந்த எண்ணுக்கு உண்மையிலேயே அங்கே வேலை இருக்கிறதா என்பது ஒரே ஆட்டத்தில் வெளியே வந்துவிடும். அதற்குப் பிறகு மெதுவாக ஏற்றிக்கொள்ளலாம்.

எண்ணைத் தொடுவதற்கு முன்னால் வேறு வழி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அந்த விலங்கு எதைத் தின்கிறது, எங்கே மேய்கிறது, யாருடைய நேரத்தை எடுக்கிறது, குளிரில் என்ன ஆகிறது, அதன் பொருள் எத்தனை நாள் கெடாமல் இருக்கும். கோழி முட்டை பகல் நீளத்தைப் பொறுத்தது. குளிர்காலத்தில் வெளிச்சம் குறைந்தால் முட்டையும் குறையும். இதைச் சேர்த்தாலே, வருடம் முழுக்கக் கோழியை மட்டும் நம்பி ஓட்ட நினைத்தவர் ஜனவரியில் விழித்துக்கொள்வார். கோழியின் 60 அப்படியே இருக்கட்டும்.

அல்சூரில் இப்போது பன்றிதான் பிரச்சினை. ஓக் கொட்டை வந்த பிறகு காட்டோரம் ஊர் அமைக்கிறவர்கள் வேறு எதையும் திரும்பிப் பார்ப்பதில்லை. வேலூர்த் தம்பி கொட்டையின் அளவைப் பாதியாக்கலாம் என்கிறான். மண்டியாக்காரர் கொட்டை எல்லா வருடமும் ஒரே மாதிரி விழாது, நாலைந்து வருடத்துக்கு ஒருமுறைதான் அமோகமாக விழும், அதை அப்படியே போடு என்கிறார். இந்தச் சனிக்கிழமை முதலில் பாதியாக்கி ஆடப்போகிறார்கள். மற்றது அடுத்த வாரம்.